கங்கு வாங்காத தலை

எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவே ஒரு பொட்டல் இருந்தது. இப்போது அதில் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்திருக்கிறார்கள். கார் நிறுத்த வசதியாம். இருக்கட்டும். அந்தக் கல்லுக்கு அடியில் என் நேர்ச்சை ஒன்று கிடக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். என்னிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

மொகரம் மாதம் பத்தாம் நாள் அந்தப் பொட்டலில் பூக்குழி வெட்டுவோம். அல்லாசாமி பண்டிகை என்று பெயர். குழி வெட்டுவதும், கருவேலங்கட்டை அடுக்குவதும், தீ மூட்டுவதும் கோயில் பக்கத்து எங்கள் ஆட்கள். முதல் கட்டையை ஓதிக் கொடுப்பது பள்ளிவாசல் பக்கத்துப் பாய் வீட்டார். ஆண்கள் குழி இறங்கி நடந்து முடித்ததும் பெண்கள் முறை வரும். நனைத்த துணியைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்டு வரிசையாகக் குனிந்து உட்காருவோம். மண்வெட்டியில் நெருப்புக் கங்கு அள்ளி ஒவ்வொரு தலையிலும் மூன்று முறை கொட்டுவார்கள். ஈரத்துணியில் கங்கு விழுந்ததும் ‘சுர்’ரென்று கேட்கும். பிள்ளை வரம் கேட்டவள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டவள், கேட்டது கிடைத்த எல்லாரும் அப்படிக் குனிந்து எழுந்தால்தான் நேர்ச்சை தீரும். ஒருத்திக்கும் முடி பொசுங்கி நான் பார்த்ததில்லை. பொசுங்கியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. நாங்கள் நிலபுலம் உள்ள குடும்பம். முன்வரிசையில் நாங்கள் உட்காருவோம். எங்கள் வயலில் நடவு நட்ட பெண்கள் கடைசி வரிசை. என் மாமியார் பாய் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். ஆனால் அவர்கள் ஓதிக் கொடுத்த நெருப்புக்குத் தலையைக் குனிந்து கொடுப்பார். அதில் இருந்த கோணல் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நாள் ஊரில் எல்லாத் தலையும் குனிந்தது. மற்ற நாளில் குனியாத தலை என்னுடையது. அதனால்தான் அந்த நாளின் அருமை எனக்குத் தெரியும்.

பாய் வீட்டில் என்னைவிட மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். நான் அவளை ராத்தா என்பேன். அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கங்கு வாங்கும்போது என் துணியை நனைத்துப் போர்த்திவிடுவது அவள்தான். அவள் மகனும் என் மகனும் ஒன்றாகப் பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள். ஒன்றாகவே துபாய்க்குப் போனார்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு. இங்கே எங்கள் கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அதுவும் கப்பலில் அங்கேதான் போகிறதாம், கறி சுடுவதற்கு.

கொரோனா வந்த வருஷம் என் மகன் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். அவன் அப்பா ஏற்கெனவே போய்விட்டார். எனக்கு இருந்தது அவன் ஒருத்தன். பேசக்கூட முடியாத அவனைப் பற்றி எனக்குச் சேதி சொன்னவன் ராத்தா மகன். வேலை முடித்து, சாப்பிடக்கூடப் போகாமல், அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று விசாரித்துவிட்டு எனக்குப் போன் போடுவான். “அயித்த, கலங்காதீக. நான் இருக்கேன்ல” என்பான்.

ஒரு நாள் அவனும் பேச முடியாமல் அழுதுவிட்டான். அன்றைக்குத்தான் நான் பொட்டலுக்கு நடந்து போனேன். ஊரடங்கு. ஈ காக்கை இல்லை. ஆனாலும் வாய்விட்டுச் சத்தமாகவே சொன்னேன்: “அல்லாசாமி, எம்புள்ள உசுரோட எந்திரிச்சா ஊர் பாக்க ஒன் கங்கு வாங்குறேன்.” என் பின்னாலேயே வந்து பள்ளிவாசல் பக்கம் நின்ற ராத்தா அதைக் கேட்டாள். அவளும் முந்தானையை விரித்து ஏந்தினாள்.

சில நாள் கழித்து அவள் மகன் கூப்பிட்டான். “அயித்த, மாப்ள கஞ்சி குடிச்சான்.”

கூட்டம் கூடக் கூடாது என்று பண்டிகை நின்றுபோன காலம் அது. கட்டுப்பாடு போகட்டும் என்று காத்திருந்தேன். போனது. பண்டிகைக்கு முந்தின மாதம் மகன் வீடியோவில் வந்தான்.

“ஆத்தா, இனிமே அல்லாசாமி வேணாம்னு முடிவு பண்ணிருக்கோம்.”

“யாருலே முடிவு பண்ணுனது?”

“நானும் மாப்ளயும்தான். வெளிநாட்டுல இருக்க நம்ம ஊர்ப் பயக எல்லாரும் குரூப்புல சரின்னுட்டாய்ங்க.”

அவனுக்குப் பின்னால் ராத்தா மகன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. “கோவிச்சுக்காதீக அயித்த. எங்க மார்க்கத்துல இது கெடையாது. இத்தன காலமும் தெரியாமச் செஞ்சுட்டோம்.”

“எங்க சாத்திரத்துலயும் இல்லாத்தா” என்றான் என் மகன். அவன் நெற்றியில் அப்படி ஒரு பட்டையை நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஒஞ்சாத்திரத்த எங்கனலே படிச்ச? தமிழுலயே பெயிலானவன் நீயி.”

“நல்லாக் கேளுங்க அயித்த” என்று பின்னால் இருந்தவன் சிரித்தான்.

“நீ மட்டும் என்ன? ஓதப் போகாம எங்க மாட்டுத் தொழுவுல வைக்கோலுக்குள்ள கெடந்தவன்தான?”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் முடித்துவைத்தார்கள். கோயில் பக்கம் தனிப் பூக்குழியாம், ஆடி மாதத்தில். பள்ளிவாசல் பக்கம் பத்தாம் நாள் நோன்பு மட்டுமாம். நடுவில் பொட்டலுக்குக் கல். அந்தச் செலவை இரண்டு பக்கமும் சேர்ந்து ஏற்பார்களாம். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சண்டை என்றால் ஒரு நாள் சமாதானம் வரும். இவர்கள் சமாதானமாகப் பேசிப் பிரித்துவிட்டார்கள்.

அங்கே போய் எப்படி இப்படி ஆனார்கள் என்று பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான். பல தேசத்து ஆட்கள் நடுவே இருக்கும்போது, நீ யார் என்று ஒருத்தன் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பண்டிகை ஒரு வார்த்தையில் அடங்காது. விளக்கப்போனால் கேட்பவன் சிரிப்பான். இரண்டு பக்கத்திலும் சிரித்திருப்பார்கள். என் பிள்ளைகளுக்கு வெட்கமாகிப்போனது. உலகத்துக்கெல்லாம் பொதுவான சாமியை அங்கே கண்டுபிடித்து, ஊருக்குப் பொதுவாக இருந்ததை இங்கே மூடிவிட்டார்கள்.

“அப்ப என் நேர்ச்ச?” என்று அன்றைக்கு அந்த வீடியோவிலேயே கேட்டேன்.

“அத நம்ம அம்மனுக்கு மாத்திக்க ஆத்தா. அய்யருகிட்டக் கேட்டுட்டேன். தேவிபட்டினம் போயி ஒரு பரிகாரம் பண்ணுனாப் போதுமாம்.”

“நான் கேட்டது அங்கயா? ஒருத்தர் வாசல்ல கேட்டு வாங்கிட்டு இன்னொருத்தர் வாசல்ல கொண்டுபோயிக் குடுக்க எங்க வம்சத்துல யாருக்கும் பழக்கமில்ல.”

பத்தாம் நாள் காலையில் தலைக்குக் குளித்தேன். வெள்ளைத்துணி ஒன்றை எடுத்து நனைத்தேன். ஊர் பார்க்கத் தெருவில் நடந்து போனேன். பொட்டலில் கல் பதித்து முடித்திருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் என்னையும் என் கையில் சொட்டிய துணியையும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் எழுந்து வரவில்லை.

ராத்தா வந்தாள். நோன்பு பிடித்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

“இப்படி நடுத்தெருவுல நிக்காத தங்கச்சி. பின்னால வா. மூட்டத்துல போயிக் கரி வாங்கியாரச் சொல்லிருக்கேன். எங்க கொல்லையில மூட்டுவோம். நானே ஓதி ஒந்தலையில போடுறேன். ஒனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“ஒம்மகனுக்குத் தெரிஞ்சா?”

“அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றவள் கொஞ்சம் நிறுத்தி, “தெரியக் கூடாது” என்றாள்.

அவள் எவ்வளவு துணிந்து அழைத்தாள் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு ஏறியது வீம்புதான். “ஊர் பாக்க வாங்குறேன்னு சொன்னவ நான். கொல்லையில ஒளிஞ்சு வாங்குறதுக்கு நான் என்ன திருட்டுக் கோழியா பிடிச்சேன்?”

“அன்னைக்கு நானுந்தான முந்தான ஏந்துனேன்” என்றாள் ராத்தா. “ஒனக்கு ஒங்கௌரவம். எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா?” என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்தாள். தண்ணீர் அந்தக் கல்மேல் விழுந்து இடுக்கில் இறங்கியது. துணியை உதறி மடித்து என் தோளில் போட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு வருஷமும் போர்த்திவிட்ட கை அது.

அன்று ராத்திரி வீடியோ வந்தது. ராத்தா மகன் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தான். அவனுக்காகக் கஞ்சி காய்ச்சியது என் மகனாம். ஒரே தட்டில் பேரீச்சம்பழம் வைத்து இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

“பாத்தியா ஆத்தா, இங்கன எங்களுக்குள்ள ஒரு வேத்துமையும் இல்ல. எல்லாம் ஒரே சாமிதான” என்றான் என் மகன்.

“அப்பறம் எதுக்குலே கல்லு?”

கேட்கவில்லை என்று காதில் கை வைத்துக் காட்டினான். நான் மறுபடி கேட்கவில்லை.

அந்தத் துணி அலமாரியில் இருக்கிறது. ராத்தா முன்போல வீட்டுக்கு வருவதில்லை. தெருவில் பார்த்தால் சாப்பிட்டியா என்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன். நேரங்கெட்ட நேரத்தில் போன் மணி அடித்தால் மட்டும் என் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது. எடுக்கும்முன் ஒரு நொடி அந்தக் கல்தரை கண்ணில் வந்து நிற்கும். கங்கு வாங்க வேண்டியவள் நான். வாங்க விடாதவன் அவன். சாமி அந்தப் பாக்கியைக் கேட்க நினைத்தால் அவனிடம் போகாமல் என்னிடம் கேட்கட்டும். இந்தத் தலை இங்கேதான் இருக்கிறது.