வெட்கப்பட்டு மறைத்த சிறுநீர்ப் பை

அண்ணனுக்கு ஒப்பரேஷன் செய்து, சிறுநீர் போகக் குழாயும் பையும் மாட்டியிருந்தார்கள். நோர்வூட்டிலிருந்து அண்ணனின் சம்பந்தி வீட்டார் வார்டுக்கு வந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையை அண்ணனின் வயிற்றின்மேல் வைத்துப் போர்வையால் மூடினேன். அவர்கள் போகும்வரை இறக்கவில்லை.

மறுநாள் அண்ணன் காய்ச்சலில் நடுங்கினார். "பைய யாராச்சும் மேல தூக்கி வச்சீங்களா?" என்று தாதி கேட்டார். முந்தின நாள் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன்.

"மூத்திரம் திரும்பி உள்ள போனா கிருமியும் போகுங்க. ரத்தத்துல கலந்தா உசுருக்கே மோசம்" என்றவர், டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

"என் மானத்தக் காப்பாத்தப் போயி ஆளையே அனுப்பப் பாத்தியேடா" என்றார் அண்ணன், நடுக்கத்தோடு.

மருந்து ஏற்றிய பிறகே காய்ச்சல் விட்டது. குழாயோடுதான் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்கும். கை கழுவாமல் அதைத் தொடுவதில்லை. யாராவது முகம் சுளித்தால், கூச்சத்தோடேயே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.