வெர்லின் வாங்கிய காது

பேட்டரி மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் வெர்லின் ஸ்ட்ரவுட். கடைக்காரி டார்லா பினெடா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்த மூன்று மாதத்தில் அவர் முகர்கிற ஆறாவது மூடி இது. புதுப் பொருளென்றால் புது வாசனை வர வேண்டும், வராவிட்டால் யாரோ வாங்கிப்போய்ப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தது என்பது அவர் முடிவு. மூடுகிறார். மறுபடி திறந்து முகர்கிறார்.

"இதுல யாரோ கை வச்சிருக்காங்க."

"நான்தான் வச்சேன் வெர்லின். நேத்து நீங்க கேட்டீங்கன்னு பிரிச்சுக் காட்டினேன்."

"இருக்கலாம்" என்கிறார். நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை.

அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு ஸ்கேனர். தீயணைப்பு வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்வதை நமக்குக் கேட்கச் செய்கிற கையடக்கப் பெட்டி. கேட்க மட்டும்தான் அதற்குத் தெரியும், பேசத் தெரியாது. எங்கள் பிளாக் ஓக் சாலை மலைமேல் ஏறி முட்டி நிற்கிற சாலை. பதினோரு வீடுகள், உள்ளே வர ஒரே வழி, வெளியே போகவும் அதே வழி. நான்கு வருஷத்துக்கு முன் காட்டுத்தீ வந்தபோது எங்களைக் காப்பாற்றியது கடைசி வீட்டு ஹாலின் ஸ்கேனர்தான். காதில் செய்தி விழுந்ததும் அவர் வண்டியை எடுத்து, மூன்று நீள ஹாரன் அடித்தபடியே சாலை முழுக்க ஓட்டினார். கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட, அலுவலகம் போனில் அனுப்பிய எச்சரிக்கை, நாங்கள் கீழே பொருட்காட்சித் திடலில் உட்கார்ந்து யாரோ கொடுத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தபோது வந்தது. அந்த ஹால் போன வசந்தத்தில் மகளோடு இருக்க ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விட்டார். ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெர்லினுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் மரம் ஏற்றுகிற லாரி ஓட்டியவர். பிரேக்கை நம்பியிருந்தால் இத்தனை நாள் இருந்திருக்க மாட்டேன் என்பார், அதனால் எதையும் நம்புவதில்லை. வானிலை அறிக்கை கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். ஒரு பவுண்டு காபிப் பொட்டலத்தைச் சமையலறைத் தராசில் வைப்பார். எந்தத் தகவலைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இருக்கலாம். யார் சொன்னா?" வாங்கிய எந்தப் பொருளின் அட்டைப்பெட்டியையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. கொட்டகையில் நாற்பது வருஷத்து டோஸ்டர் பெட்டி இருக்கிறது. டோஸ்டர் செத்துப் பல காலமாகிறது.

ஆனால் இந்த ஸ்கேனர் விஷயத்தில் அவரைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். அவர் மனைவி நோரீனுக்கு நுரையீரல் சரியில்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், சக்கர நாற்காலி. அவளையும் மெஷினையும் கிழட்டு நாயையும் வண்டியில் ஏற்ற நாற்பது நிமிஷம் ஆகும். வெர்லின் கைக்கடிகாரத்தை வைத்து நான்கு முறை ஒத்திகை பார்த்துவிட்டார். போன் எச்சரிக்கையை நம்பினால் அந்த நாற்பது நிமிஷம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நோரீனுக்கு நன்றாகவே தெரியும், அவள்தான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தேர்ந்தெடுக்கிற படலம் மூன்று மாதம் நடந்தது. மலிவான பழைய மாடல் போதும் என்று நினைத்துத்தான் கடைக்குப் போனார். அது வேலைக்கு ஆகாது என்றாள் டார்லா. கவுண்டியில் இப்போது புது முறை, ஒரு பேச்சு ஒரே சேனலில் நிற்பதில்லை, சேனல் விட்டுச் சேனல் தாவிக்கொண்டே இருக்கும், கூடவே தாவத் தெரிந்த ஸ்கேனர்தான் வேண்டும் என்றாள். அதற்கு விலை மூன்று மடங்கு. வெர்லின் அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில் வந்தது. சந்தேகம் இரட்டிப்பானது; இரண்டு பேரும் கூட்டு என்று என்னிடம் சொன்னார். அந்தக் கடைக்காரன் டார்லாவின் முன்னாள் கணவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒன்பது வருஷமா ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லையாம்" என்றார், ரொம்ப யோசித்துவிட்டு. "அப்போ உண்மையாத்தான் இருக்கணும்."

வாங்கிவிட்டார். முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ரசீதில் எழுதியிருந்தது. அந்த ரசீதை ஸ்கேனர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் டேப் போட்டு ஒட்டி, பெட்டியை வண்டியின் பின் சீட்டிலேயே வைத்துக்கொண்டார். சேனல்களை என் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றித் தருகிறேன் என்றேன். "உன் கம்ப்யூட்டர் யார்கிட்ட எல்லாம் பேசுதுன்னு உனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் தன் கட்டைவிரலால் ஏற்றினார்.

அதன் பிறகு ஸ்கேனர் வாயே திறக்கவில்லை. எங்கள் தீயணைப்பு நிலையம் வியாழன்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் ஒரு சோதனை மணி அடிக்கும். முதல் வியாழன் காதருகே வைத்துக் காத்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வியாழனும் அப்படியே. மூன்றாவது வியாழன் நிலையத்துக்கே போய், மணி அடிக்கிறவன் எதிரில் நின்று கேட்டார். அவன் அடித்தது அவர் காதில் விழுந்தது, கையிலிருந்த ஸ்கேனரில் விழவில்லை. ஜனங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாதென்று கவுண்டியில் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். பூட்டெல்லாம் இல்லை, எல்லாம் திறந்துதான் இருக்கிறது என்று அந்த ஆள் இரண்டு தடவை சொன்னான். "இருக்கலாம். யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவரோடு சேர்ந்து எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது. இந்த நோய் ஒட்டும்.

வாங்கி இருபத்தேழாவது நாள், செப்டம்பர் மாதம், மதியம் இரண்டு மணி. என் வீட்டுக்குத் தவறி வந்த வெர்லின் வீட்டுத் தபாலைக் கொடுக்கப் போனேன். வடகிழக்குக் காற்று மரங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மேட்டுக்குப் பின்னால் வானம் பழுப்பாகத் தெரிந்தது. புழுதியா, புகையா என்று சொல்ல முடியவில்லை. என் போனில் எதுவும் வரவில்லை. மேஜைமேல் ஸ்கேனர் ஊமையாகக் கிடந்தது. வெர்லின் வண்டிச் சாவியை எடுத்தார். மேட்டுக்குப் போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவாராம். போய்வர இருபது நிமிஷம். நாற்பதில் இருபது போய்விடும்.

நோரீன் நாற்காலியில் இருந்தபடியே ஸ்கேனரைப் பார்த்தாள்.

"முதல் நாள் இதுல ஒண்ணு குளவி மாதிரி இரைஞ்சுதே, அது எங்க போச்சு?"

"அதுவா? அது கெட்ட சேனல். ஓயாம கத்திட்டே இருந்துது. பூட்டிட்டேன்."

நானும் அதைத்தான் செய்திருப்பேன். பழைய ஸ்கேனரில் பழகிய எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஏதாவது சேனல் இரைந்தால் பூட்டுப் பொத்தானை அழுத்துவோம், ஸ்கேனர் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும், வீடு நிம்மதியாக இருக்கும். லாரியில் ஸ்கேனர் வைத்திருந்த காலத்திலிருந்து வெர்லின் கை அப்படியே பழகியிருந்தது.

"பேச்சு எந்தச் சேனலுக்குத் தாவுதுன்னு ஒரு சேனல் சொல்லிட்டே இருக்கும்னு டார்லா சொன்னா இல்ல? நோட்டுல நீதானே எழுதி வச்சே."

"சொன்னா. அவ ஆயிரம் சொல்லுவா."

நோரீன் பேசுவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மூச்சு தனியாக வேண்டும்.

"என் மெஷினும்தான் நாள் பூரா இரையுது, வெர்லின். அதை அணைச்சாலும் வீடு அமைதியா இருக்கும்."

யார் சொன்னா என்று அவர் கேட்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். ஸ்கேனரை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த எண்ணைத் தேடிப் பூட்டை எடுத்தார். இரண்டு விநாடி குளவி இரைந்தது. உடனே அது அடங்கி, அது காட்டிய சேனலுக்கு ஸ்கேனர் தாவி, ஒரு பெண் குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல். ஏதோ வண்டி எண்களைச் சொன்னாள், காற்றின் திசையைச் சொன்னாள். தீ பாலத்தைத் தாண்டிவிட்டது, பிளாக் ஓக் சாலை வீடுகளுக்கு ஆள் போக வேண்டும், கையில் ஆள் இல்லை என்றாள்.

இருபத்தாறு நாளாக அவள் பக்கத்திலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள்தான் அவள் வாயைப் பொத்தி வைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம்தான் இல்லை.

வெர்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீ ஹாரன் அடி. மூணு நீளம். எல்லா வீட்டு வாசல்லயும்" என்றார் என்னிடம். ஓடிப்போய் என் காரை எடுத்தேன். பதினோரு வீட்டையும் சுற்றிக்கொண்டு திரும்பியபோது நோரீன் முன் சீட்டில், மடியில் நாயோடும் ஸ்கேனரோடும் உட்கார்ந்திருந்தாள். ஆக்சிஜன் மெஷினை வெர்லின் பின் சீட்டில் ஏற்றப் பார்த்தார். அந்த அட்டைப்பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்து ரசீதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாலையில் வீசிவிட்டு மெஷினை அந்த இடத்தில் வைத்து பெல்ட் போட்டார்.

முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. நாங்கள் இறங்கும்போது வளைவுக்குக் கீழே புதர்கள் எரிந்துகொண்டிருந்தன. போன் எச்சரிக்கை இந்தத் தடவையும் பொருட்காட்சித் திடலில்தான் எங்களைப் பிடித்தது. சாண்ட்விச் மட்டும் போன தடவையைவிடப் பரவாயில்லை.

தீ எங்கள் வளைவிலேயே நின்றது. காற்று திரும்பியது, எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஆட்கள் அதை நிறுத்தினார்கள். மறுநாள் மாலை சாலையைத் திறந்துவிட்டார்கள். வெர்லினின் வண்டி முன்னால், என் கார் பின்னால். அவர் வீட்டுக்கு முன் சாலை நடுவில் அந்தப் பெட்டி கிடந்தது, ஒரு மூலை நசுங்கியிருந்தது, ரசீது அப்படியே ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் மிச்சம். வெர்லின் வண்டியை நிறுத்தினார். ஜன்னல் கண்ணாடி இறங்கியது, தலை வெளியே வந்தது. இப்போது இறங்கி எடுப்பார், தூசி தட்டிக் கொட்டகையில் டோஸ்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார் என்று நானும் காரை நிறுத்திக் காத்திருந்தேன். ஜன்னல் வழியாக அந்தப் பெண் குரல் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. வெர்லின் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, பெட்டிமேலேயே வண்டியை ஏற்றி வீட்டுக்குப் போனார்.