குழாயின் வாயில் ஒரு மடித்துணி

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் நான்கு நாளுக்கு முன்பு காலையில் வாட்ஸாப் குழுவில் ஒரு புகைப்படம் போட்டார். என் காரின் அடியில், வெளிர் சாம்பல் நிறத் தரையோட்டின் மேல், ஓர் அப்பளம் அளவுக்கு எண்ணெய்க் கறை. அதைச் சுற்றி விரலால் வரைந்த சிவப்பு வட்டம். கொலை நடந்த இடத்தைக்கூட யாரும் இவ்வளவு சிரத்தையாக வளைத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். குடியிருப்போர் வரிசையாக வந்து முகம் சுளித்த மஞ்சள் பொம்மைகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. 'போன வாரம்தான் ஆயில் சீல் மாற்றினேன். மெக்கானிக் ஏமாற்றிவிட்டான்' என்று எழுதி அனுப்பினேன். எழுதுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கவிதைக்கு மட்டும்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பிறகு ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு கீழே போனேன். காரின் அடியில் அதைத் தள்ளுவதற்காகக் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. சூடான என்ஜின் எண்ணெய் உங்களுக்கு எதை நினைவூட்டும் என்று தெரியாது. எனக்கு ஏலக்காய். ஏலக்காயும் சுண்டிய பாலும் நெய்யில் வறுத்த முந்திரியும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு நான் சாம்பார் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டிக்கொண்டிருந்த என்றால் உண்மையிலேயே ஓட்டினேன். மலையாள தேசத்தில், கோட்டையை ஒட்டிய அக்ரஹாரமான ஸ்ரீவராகத்தில் சேஷன் மாமா என்று ஒருவர் கல்யாணச் சமையல் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. பட்டத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தமிழா, நன்னாருக்கு. சாம்பார் வழியாம ஓட்டுவியா?" என்பதுதான் நேர்முகத் தேர்வு. காலையில் அண்டாக்களையும் குட்டுவங்களையும் ஏற்றிக்கொண்டு நான் புறப்படும்போது சிறுபத்திரிகையில் வந்த என் இரண்டு கவிதைகள் டாஷ்போர்டு பெட்டிக்குள் மடித்து வைத்தபடி கூடவே வரும். யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை.

மாமாவுக்கு உலகத்தில் இரண்டே பகுதிகள். மடி, விழுப்பு. குளித்து உலர்த்திய துணி மடி. அதைக் குளிக்காதவன் தொட்டால் விழுப்பு. மனிதர்கள், பாத்திரங்கள், கிணறுகள், கிழமைகள் எல்லாமே இந்த இரண்டு பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குள் அடங்கிவிடும். அவரை மட்டும் சொல்வானேன், தெருவே அப்படித்தான். காலையில் கோலத்தின் ஓரத்தில் ஒரு காகம் உட்கார்ந்தால்கூட அதன் பூர்வோத்தரம் விசாரிக்கிற தெரு. அந்தத் தெருவுக்குள் ஒரு டீசல் வண்டி எந்தப் பெட்டியில் சேர்ந்தது என்பது கொஞ்சம் சிக்கலான விஷயம். மாமா அதற்கு மாதம் ஒருமுறை சாம்பிராணி போட்டார். சிக்கல் தீர்ந்தது.

ஒரு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் பால்பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். மாமா வண்டிக்குத் திரும்பி வந்தபோது முகம் சுண்டைக்காய் வற்றல் போல இருந்தது.

"ஏண்டா, பாயசத்துல லாரி நாத்தம் அடிக்கறதுன்னு பறஞ்சான். என் மொகத்தைப் பாத்துப் பறஞ்சான், கேட்டியா. நாப்பது கொல்லமா எவனும் என்னை இப்படிப் பறஞ்சதில்லை."

கொல்லம் என்றால் வருஷம்; மாமாவின் தமிழில் பாதி மலையாளம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். என்ஜினின் பக்கத்திலிருந்து ஒரு குழாய் கீழிறங்கிப் பின்பக்கமாகத் திறந்திருந்தது. அதன் வாயிலிருந்து எண்ணெய் மணக்கும் மெல்லிய புகை, சுவாசம் மாதிரி விட்டுவிட்டு வந்து, நேராகப் பாத்திரங்கள் இருக்கும் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது என்ஜினின் மூச்சுக்குழாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அது நாறுகிறது என்பதுதான். "வாயை அடைச்சுட்டா போறும் மாமா" என்றேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொள்ளாம்டா. நோக்குப் புத்தி இருக்கு." அந்த வேலையில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. இன்றைக்கும் யாராவது என் எழுத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு முதலில் அந்தக் குழாய்தான் ஞாபகம் வருகிறது.

அழுக்குத் துணி கூடாது என்றார். பாயசத்துக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறது அல்லவா. உள்ளே போய், தன் பழைய வேஷ்டியிலிருந்து ஒரு முழம் கிழித்து, நனைத்துக் கொடியில் உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். மடித்துணி. அதை உருட்டி நானே குழாயின் வாயில் திணித்தேன். நாற்றம் நின்றது. அடுத்த கல்யாணத்தில் பாயசம் பாயசமாக மணந்தது.

இரண்டு வாரத்தில் வண்டி ஒழுக ஆரம்பித்தது. மாமா வீட்டு வாசலில் தொடங்கி, தெருமுனை திரும்பி, கோட்டைச் சுவர் வரைக்கும் ஒற்றை வரிசையில் கறுப்புச் சொட்டுகள். வீட்டு வாசல் கோலங்களின் இழைகளுக்கு நடுவே யாரும் வைக்காத புள்ளிகள். எந்தெந்த வீட்டு முன்னால் நான் வண்டியை மெதுவாக ஓட்டுகிறேன் என்பதுகூடத் தெருவுக்குத் தெரிந்துபோனது. அதில் ஒரு வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருப்பதற்கில்லை. ஆனால் இது அவளைப் பற்றியதல்ல.

வண்டியை நேமத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ஞானதாஸ் ஆசானின் ஒர்க்‌ஷாப். தமிழ் எல்லைப்பக்கத்து ஆள், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடுகிறவர், கரகரத்த குரல். ஸ்ரீவராகத்தின் கார்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் அவரிடம்தான் போகும். தெருதான் அவருக்குப் பிழைப்பு. தெருவுக்கு மாமாவின் வாய்தான் பத்திரிகை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டும்.

"பெறத்தால உள்ள சீலு போச்சு சாமி" என்றார் ஆசான். கிராங்க் தண்டு என்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெய் தாண்டாமல் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் வளையம். உளுந்துவடையை இரண்டு சுற்றுப் பெரிதாக்கியது போல இருக்கும். அந்த அற்ப வளையத்தை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், என்ஜினின் பின்னாலுள்ள கனத்த ஃப்ளைவீல் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஒரு பகல் போகும். கடைசியில் புதுச் சீலின் உதட்டில் சுண்டுவிரலால் எண்ணெய் தடவி, பழைய பேரிங் வளையம் ஒன்றை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி உட்கார வைத்தார். குழந்தைக்குத் தொப்பி போடுகிற மாதிரி. மூச்சுக்குழாயையும் வாயால் ஊதிப் பார்த்தார். திறந்திருந்தது.

திறந்திருக்காமல் என்ன செய்யும்? ஒர்க்‌ஷாப்புக்குப் புறப்படும் முன்பு துணியை நான் எடுத்துவிட்டிருந்தேன். மாமாவின் உத்தரவு. "எடுத்து கொல்லைப்பக்கம் வெச்சுட்டுப் போ. அவன் கை பட்டா பின்ன அதை பாயசத்துக்குப் பக்கத்துல எப்படிடா வெக்கறது?"

என்ஜின் கரியும் எண்ணெயும் ஊறி, பிழிந்தால் சொட்டுகிற துணி. அதற்கு ஒரு மனிதனின் கை பட்டால் தீட்டு. இதை இன்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. சொன்னபடி எடுத்துக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் மறுபடி திணித்தேன்.

மறுபடி ஒழுகியது. மறுபடி நேமம், மறுபடி ஒரு பகல், இரண்டாவது சீல். இந்த முறை பழைய சீல் தேய்த்திருந்த கோட்டில் படாமல் ஒரு நூல் உள்ளே தள்ளி உட்கார வைத்தார். குழாயை மறுபடி ஊதினார்.

"சாமி, வண்டி எனக்க முற்றத்துல நிக்கும்பம் ஒரு சொட்டு இல்ல. ஒங்க தெருவுக்குப் போனா ஒழுகுகு. இதென்ன, ஆளு பாத்தா ஒழுகுகு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. தமிழ் படித்தவன், யாப்பு தெரியும், குழாய் தெரியாது.

மூன்றாம் முறை ஒழுகியபோது மாமா தெருவில் நின்று தீர்ப்பு எழுதிவிட்டார். "டூப்ளிகேட் சீலாக்கும் போடறான் அந்த வேதக்காரன். ஒரிஜினலை வேற எவனுக்கோ வித்துட்டான்." அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி நான்கு தெரு சுற்றி வந்தது. அந்த வாரமே இரண்டு கார்கள் நேமத்துக்குப் போகாமல் சாலை என்னும் கடைவீதிப் பக்கம் வேறொருவரிடம் போயின.

அதற்குள் பொன்முடிக் கல்யாணம் வந்துவிட்டது. எஸ்டேட் அதிகாரி ஒருவரின் மகள். அவியல், ஓலன், பாயசம் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாமாவும் நானும் விடியலில் கிளம்பினோம். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கி, எட்டாவது கொண்டை ஊசி வளைவில், என்ஜின் அலறியது, வண்டி நின்றது. எரிந்த கிளட்சின் நாற்றம். ஒழுகிய எண்ணெய் கிளட்ச் தட்டில் ஏறிவிட்டிருந்தது. அந்த மூடுபனியில், சாம்பார் மூடி நகர்ந்து வழிந்துகொண்டிருக்க, எனக்கு ஒரு கவிதை வரி தோன்றியது. அவ்வளவு மோசமான ஆள் நான்.

எஸ்டேட் ஜீப் வந்து பாத்திரங்களை மாற்றிக்கொண்டது. மாமா ஜீப்பில் ஏறும்போது, "விளி அவனை. வந்து அவன் செஞ்ச காரியத்தை அவனே பாக்கட்டும்" என்றார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியைக் கல்லாறுக்கு இறக்கி, ஆற்றோரத் தேநீர்க் கடைக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தில் நிறுத்தி, கடையிலிருந்து போன் செய்தேன். பஸ்கள் குறைவான தடம். ஆனாலும் ஆசான் இரண்டு பஸ் மாறி, ஒரு சாக்குப் பையில் சீலும் கிளட்ச் தட்டும் ஸ்பேனர்களுமாக, பதினொரு மணிக்கெல்லாம் வந்து இறங்கிவிட்டார்.

வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எனக்க சீலு டூப்ளிகேட்டுன்னு ஒங்க தெருவுல பேச்சு. நீரும் கேட்டீரா?"

"கேட்டேன் ஆசானே."

"நீரு என்ன செல்லினீரு?"

நான் ஆற்றைப் பார்த்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சாமி, வண்டிக்கு யாரு கோமணம் கெட்டினது?"

அன்று சமையல் ஏற்றிய நாள் அல்லவா, துணி அதன் இடத்தில் இருந்தது. ஆசான் வெளியே வந்து என்ஜினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். அடக்கி வைத்த புகை புஸ்ஸென்று அவர் முகத்தில் அடித்தது. கையை அடியில் விட்டுத் துணியை உருவினார். புகை தணிந்து என்ஜின் பெருமூச்சு விட்டது. மூச்சை அடைத்தால் அது எண்ணெயை எங்கே பலவீனமோ அங்கே தள்ளும். எந்தச் சீல் தாங்கும்? மூன்று வரியில் முடிகிற விளக்கம்.

"ரெண்டு மட்டமும் நான் ஊதிப் பாத்தேனே. அப்பம் இது எங்க இருந்து?"

"அங்க வரச்சே எடுத்து வெச்சுடுவேன்."

"எதுக்கு?"

நான் குனிந்து சாக்குப் பையிலிருந்து ஸ்பேனர்களை எடுத்து வைத்தேன். அவர் துணியைப் பிரித்தார். கறுப்புக்கு நடுவே ஓரத்தில் மட்டும் வேஷ்டியின் கரை தெரிந்தது. பிறகு தன் கையைப் பார்த்தார். "ஓ" என்றார். அவ்வளவுதான்.

வேலை மாலை வரை நீண்டது. கியர்பாக்ஸை இருவருமாக இறக்கினோம். மூன்றாவது சீலை அதே சுண்டுவிரல் எண்ணெய் தடவி, அதே நிதானத்தோடு தட்டி உட்கார வைத்தார். கோபத்தில் ஓர் அடிகூடக் கூடுதலாக விழவில்லை. எல்லாம் முடிந்து ஆற்றில் கை கழுவிவிட்டு வந்து, துணியை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"நான் செல்லினா, நானே வச்சதுன்னு ஒங்க மாமா செல்லுவாரு. நீரு செல்லும். ஒரு வாக்கு போரும். மற்றதை வண்டி செல்லிக்கிடும்."

"சொல்றேன் ஆசானே."

அன்றிரவு மாமா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு தாமதமானதில் பெண்வீட்டார் பேசிய பேச்சு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. "என்னவாம்?" என்றார். துணி என் பைக்குள் இருந்தது. உங்கள் துணி, என் யோசனை, அவர் கை படக்கூடாது என்று எடுத்து வைத்ததால் வந்த வினை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் வாயைத் திறந்தேன். "மூச்சுக்குழாய்ல குளவி கூடு கட்டியிருந்தது மாமா" என்றேன்.

என் முதல் புனைகதை அது. நல்ல படிமம் வேறு.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "குளவிக் கூட்டைப் பாக்கத் தெரியாதவன் என்னடா மெக்கானிக்?"

ஏமாற்றுக்காரர் என்ற பேரைப் போக்கி, தொழில் தெரியாதவர் என்ற பேரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும். தெரு மொத்தமும் நேமத்தை விட்டது. வண்டி அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. துணியை நான் திரும்ப வைக்கவில்லை. பாயசத்தை முன்பக்கம் நகர்த்தி வைத்தேன், எவனும் எதுவும் சொல்லவில்லை. முதலிலேயே நகர்த்தியிருக்கலாம்.

ஆறேழு மாதம் கழித்துத் தம்பானூர் பஸ் நிலையத்தில் ஆசானைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "செல்லினீரா சாமி?"

"சொன்னேன்."

"பின்னயும் யாரும் வரல்லியே" என்றார், என்னிடமல்ல, தனக்குத்தானே. பஸ் வந்தது.

நான்கு நாளுக்கு முன்பு குழுவில் எழுதிய வரியை இன்று காலை அழிக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் அழிக்கும் நேரம் கடந்துவிட்டதாம். எனக்கு மட்டும் வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாமாம். இந்த வசதியைக் கண்டுபிடித்தவன் ஸ்ரீவராகத்துக்காரனாகத்தான் இருப்பான். இந்தக் காலத்துக் கார்களில் அந்தக் குழாயும் வெளியே வருவதில்லை, மூச்சை உள்ளேயே திருப்பி இழுத்துக்கொள்கின்றன. மாமாவின் சமையல்கூடம் இருந்த இடத்தில் மூன்று மாடிகள் நிற்கின்றன. தெருவில் கல் பாவி, அந்தச் சொட்டுகள் விழுந்த மண்ணை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே சமையல் பாத்திரங்களைக் கொண்டுபோவது பேட்டரி வண்டி. சுத்தமோ சுத்தம்.

மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு நேமம் போனேன். ஒர்க்‌ஷாப் இல்லை. முற்றம் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அந்த எண்ணெய் ஊறிய கறுப்பு மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டதில் ஆசான் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கியர்பாக்ஸை இறக்கி வைக்கும் இடம், நான் குத்துமதிப்பாகக் கணக்குப் பார்த்த வரையில், இப்போது சாலையின் நடுத்தடுப்பு. அரளி வைத்திருக்கிறார்கள், பூத்திருக்கிறது.

அதற்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். ஒரு வாக்கு போதும் என்றவரிடம் சொல்ல வேண்டிய வாக்கு வாய் வரைக்கும் வந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் நின்ற இடத்தில் நாலைந்து சொட்டு விழுந்திருக்கும். அடுத்த பஸ் அதன்மேல் ஏறிப் போயிருக்கும்.