சீமைப் பணிவும் ஒரு காதும்

"இருக்கலாம்" என்று யாராவது இழுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். 1940களில் தூத்துக்குடியில் டாக்டராக இருந்தபோது பிடித்த எரிச்சல் அது.

காயல்பட்டினத்திலிருந்து சங்கு குளிக்க வந்தவர் ஒருவர். அவர்கள் ஊரில் அண்ணனைச் சொல்வதுபோல் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆழத்துக்கு முங்கி முங்கி இடது செவிப்பறை கிழிந்து, அந்தக் காது செத்துவிட்டது. வலதிலும் சீழ். இனி முங்கினால் அதுவும் போகும். தோணியில் கயிறு பிடிக்கும் வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று சங்கைச் சேர்த்துவைத்துத் தோணிக்கு ஆளும் எடுக்கும் கிட்டங்கியின் மேனேஜரிடம் கேட்டேன். "நீங்க சொன்னாப் போதுமா டாக்டரம்மா? அச்சுல வரட்டும், பாப்போம்" என்றார்.

வரவைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். சீசன் முழுக்கச் சங்கு குளிப்பவர்களின் காதுகளைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதினேன். தொடர்ந்து முங்கினால் செவிப்பறை கிழியும், கிழிந்தவர் மறுபடி முங்கக் கூடாது. கண்ணால் கண்டதை வேறெப்படி எழுதுவதாம்? மதராஸில் என் பழைய பேராசிரியர் அதை வாங்கி லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்.

அடுத்த சீசனுக்கு முன் அச்சாகி வந்ததை வரி வரியாகப் படித்தேன். "கிழியும்" போய், "கிழிய வாய்ப்பு இருக்கலாம் எனத் தோன்றுகிறது" என்று நின்றது. "முங்கக் கூடாது" என்பது, "தவிர்ப்பது நல்லதாக இருக்கக்கூடும்" ஆகியிருந்தது. மாற்றிய பேராசிரியர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயிலேறிப் போய்ச் சண்டை போட்டேன். பேராசிரியர் சிரித்தார். "சீமையில் இதுதானம்மா பணிவு. அடித்துச் சொன்னால் பட்டிக்காடு என்று தள்ளிவிடுவார்கள். 'இருக்கலாம்' என்றாலே அவர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள்."

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் காக்காவின் காதுக்குத் தீர்ப்பு எழுதப் போகிறவன் லண்டனிலா இருந்தான்? நான் ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். வராத மழையைத்தான் எங்கள் ஊரில் "வரலாம்" என்பார்கள். உடைந்த மடையைப் பார்த்துவிட்டு "உடைந்திருக்கலாம்" என்று ஒருவன் சொன்னால் கன்னத்தில் விழும். காக்காவும் நாளைக்கு வருகிறேன் என்பதற்கு "இன்ஷா அல்லாஹ்", ஆண்டவன் நாடினால், என்று சேர்த்துச் சொல்வார். காது வலிக்கிறதா என்று கேட்டால் "வலிக்கி" என்பார், அவ்வளவுதான்.

ஊர் திரும்பிப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேனேஜர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். "இருக்கலாம்னுதான போட்டிருக்கு. ஒங்களுக்கே நிச்சயமில்ல. இத வச்சு நான் ஆள எப்படி மாத்த? திங்கக்கிழம தோணி போகுது, அவரும் போவாரு." அதில் மட்டும் அந்த மனுஷனுக்கு ஒரு "இருக்கலாம்" வரவில்லை.

வெளியே காத்திருந்த காக்காவிடம் சொன்னேன். முங்காவிட்டால் தோணியில் இடமில்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "போயிட்டு வாரேன் டாக்டரம்மா, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வந்தார். சீசன் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன், உரக்கவும் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் என் உதட்டையே பார்த்தார்.

அந்த வாரம் பேராசிரியர், அடுத்த கட்டுரைக்கு ஏதும் உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் போட்டேன்: "அவருக்கு இரண்டு காதும் கேட்காது. இந்த வரியில் கை வைக்காதீர்கள்."