சேற்றில் இறங்கிய கால்

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பரிசல்துறை நடத்தும் ஐசம், அடிமையாயிருந்த நாற்பது வருஷமும் வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நடைபலகையை விட்டுச் சேற்றில் இறங்கி நின்றவர். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. ஆறு வருஷமாக ஓட்டும் போடுகிறார். அரசை எதிர்த்துப் போரிட்டதால் ஓட்டுரிமை இழந்த அவருடைய பழைய எஜமானுக்கு இப்போதுதான் அது திரும்பக் கிடைத்திருந்தது.

தேர்தலன்று கோர்ட்டு வாசல் நடைபலகையில் ஐசம் ஓட்டுப் போட வரிசையில் நின்றார். பின்னால் வந்த எஜமான் லேசாகச் செருமினார். அவ்வளவுதான், ஐசத்தின் கால்கள் தாமாகவே சேற்றில் இறங்கிவிட்டன. காலியான இடத்தில் எஜமான் வந்து நின்றுகொண்டார்.

எதிர்ப்புறம், ஓட்டுப் போட வந்த தங்கள் ஆண்களை வெள்ளைக்காரர் தாக்காதபடி தடியோடு காவல் நின்ற பெண்களில் ஐசத்தின் மனைவி டோர்கஸும் இருந்தாள்.

"ஏய்யா, அந்தாளு இன்னமும் உன்னை வெலைக்கு வாங்கியா வெச்சிருக்கான்?"

ஐசம் மேலே ஏறினார். "தொரை, இது என் எடம்."

"காலெல்லாம் சேறுடா ஐசம்."

"இருக்கட்டும் தொரை. கொஞ்சம் பின்னால நில்லுங்க."

எஜமான் நகர்ந்தார். ஐசம் உள்ளே போய் ஓட்டுப் போட்டார். வாசலிலிருந்து பெட்டிவரை பதிந்திருந்த அந்தச் சேற்றுத் தடத்தை மிதித்துக்கொண்டுதான் எஜமானும் போக வேண்டியிருந்தது.