திருந்திய பொம்மை

அந்தப் படத்தை எடுத்தவன் என் கையில் கிடைத்தால் ஈரப் படுக்கை விரிப்பில் சுற்றி, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் காயப் போடுவேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருடமாகத் துணி வெளுக்கிறேன்; பிழிவது எனக்கு நன்றாக வரும். முதலாம் பாகத்தை அப்படி எடுத்துவிட்டு இரண்டாம் பாகத்தை இப்படி நாசமாக்க ஒருவனுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.

முதலாம் பாகம் வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது, என் தங்கைக்குப் பதினாறு. யாரோ கொடுத்த சீடியை வீட்டில் போட்டுப் பார்த்தோம். தையல்கடைக் கண்ணாடிக்குள் சட்டை மாட்டி நிறுத்தி வைத்திருப்பார்களே, ஒரு பிள்ளை உயரத்துக்கு, அந்த மாதிரி மொட்டைத்தலைப் பொம்மை. பேசாது. சிரிக்காது. கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். கடை முதலாளியின் தொண்டையில் அதை இறக்கியபோது தங்கை என் தொடையைக் கிள்ளிவிட்டாள். தையல் மெசினுக்குள் ஒருத்தியின் விரலைக் கொடுத்து, கட்டைவிரல் முதல் சின்னவிரல் வரைக்கும் வரிசையாகத் தைத்தது. சூடேறிய அயன்பெட்டியை ஒருவனின் முகத்தில் வைத்து அழுத்தியது. ஏழு பேர். ஏன் கொல்கிறது என்று கடைசிவரைக்கும் யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. “குத்து, இன்னும் ஒண்டு குத்து!” என்று நான் கத்த, தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு இரத்தம் தெறிக்கிற படம் என்றால் அப்படியொரு ஆசை. நிஜத்தில் பார்க்கக் கூடாததையெல்லாம் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று. படத்தில் பார்ப்பதற்கு என்ன பயம்?

ஆகவே இரண்டாம் பாகம் தமிழில் டப்பிங் பேசி மட்டக்களப்பு டவுனுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் தங்கைக்குத்தான் முதலில் போனில் கோல் எடுத்தேன். அவள் கலியாணம் கட்டி நாலு வருடமாகக் கரடியனாற்றில் இருந்தாள். புருஷன் உழவு மெசின் ஓட்டுகிறவன். பல்லுக்கு மருந்து எடுக்கப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். படம் பார்க்கப் போக ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொறிக்கக் கச்சான் கடலை வாங்குகிற அவசரம்.

பகல் காட்சி. முதல் ஐந்து நிமிடத்திலேயே பொம்மை வாயைத் திறந்தது. திறந்ததா, மூடவே இல்லை! அதுவும் அசல் மெட்ராஸ் பேச்சு. கொலைகாரப் பொம்மை “இன்னாப்பா” என்று கேட்டால் யாருக்குப் பயம் வரும்? பின்வரிசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதற்கு ஒரு சோகக் கதை வேறு. பொம்மையைச் செய்த இடத்தில் ஒருவன் அதை அடித்தானாம், அதனால்தான் இப்படி ஆனதாம். மொத்தம் இரண்டே கொலை. ஒன்றில் கதவுக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. சீ! காசு கொடுத்துக் கதவைப் பார்க்கவா வந்தேன்?

நடுவில் ஓர் இடம். பொம்மை சுவரில் தொங்குகிற இடுப்புப் பட்டியை எடுத்து, ஒருவனைப் பயமுறுத்த மேசையில் ஓங்கி அடிக்கும். சளார் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையின் இடது கை தானாக மேலே எழும்பித் தலையை மூடியது. கச்சான் சுற்றிய கடதாசிச் சரை மடியிலிருந்து சரிந்து கொட்டியது.

“என்னடி, இந்தக் குப்பைப் படத்துக்கும் பயமா?” என்றேன்.

“ஒண்டுமில்லக்கா.”

கடைசியில் அந்தப் பொம்மை, முதலாம் பாகத்தில் தான் கொன்ற முதலாளியின் பெண்சாதிக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டது. அவளும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏழு பேரைக் கொன்று போட்டு மன்னிப்பாம்! தூக்கி அடுப்புக்குள்ள போடுடி அத!” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்தில் தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்தக் கழிசடைப் படத்துக்கு அழுத ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

வெளியே வந்து வாவிக்கரையில் இருந்தோம். நெருப்பு வெயில். அவள் சேலைக்கு மணிக்கட்டுவரை கைவைத்த சட்டை போட்டிருந்தாள். நான் அவளுடைய இடது கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கறுப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாகக் கிடந்தது. உழவு மெசினில் போட்டுக் கழித்த ரப்பர் பெல்ட்டால் புருஷன் அடிப்பானாம். தலைக்கு வரும் அடியை அந்தக் கைதான் வாங்கியிருந்தது.

“எத்தின நாளா?”

“கலியாணம் கட்டி அடுத்த மாசத்திலயிருந்து.”

“நாலு வருசமா! ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க வந்து வெட்டிப் போடுவீங்க.”

“ஓம், வெட்டித்தான் போடுவன்.”

“மறுகா ஆரு மறியல்ல கம்பி எண்ணுற? நீங்கதானே.”

பொலிசுக்குப் போவோம் என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. உடுத்திருந்த சேலையோடு அவளை பஸ்ஸில் ஏற்றிக் கல்குடாவுக்கு, என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். தங்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று எனக்குப் பெரிய நெஞ்சு.

அது நான் செய்த மடைத்தனம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெண்ணைப் பெற்றவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆளுக்கொரு வீடு கட்டி, மகளின் பேரில் எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்துவைப்பான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து குடியிருப்பான். சண்டை முற்றினால் அதே பையைத் தூக்கிக்கொண்டு தன் தாயிடமோ சகோதரியிடமோ போவதும் அவன்தான். பெண் வாசற்படி தாண்ட மாட்டாள். அவள் உள்ளே இருக்கும்வரை ஊர் அவள் பக்கம் நிற்கும். கரடியனாற்று வீடு, எங்கள் அப்பா மாடுகளை விற்று அவளுக்குக் கட்டிய வீடு. அதை விட்டு அவளை நானே கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்திருந்தேன்.

நாலாம் நாள் அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் கோல் எடுத்தாள். அவன் புதுப் பூட்டுப் போட்டுவிட்டான். “அவளாத்தான் போனவள், வீடு வேணாமெண்டுதானே போனவள்” என்று வேலிக்கு வேலி சொல்லித் திரிகிறான். வருகிற கிழமை தன் தம்பி குடும்பத்தைக் கொண்டுவந்து அங்கே குடிவைக்கப் போகிறான். ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டால் பிறகு கோர்ட் கச்சேரி என்று ஏறி இறங்கி எங்கள் ஆயுள் போய்விடும். தங்கைக்கென்று உலகத்தில் இருந்தது அந்த மூன்று அறைதான். அதை எடுத்துவிட்டால் அவள் என் வீட்டு மூலையில் பாய் விரித்துக் கிடக்க வேண்டியதுதான்.

இது ஒரு பக்கம் இருக்க, நாசமாய்ப் போவான் தினமும் அவளுக்கு வீடியோ கோல் எடுத்தான். ஹோட்டலில் வேலை முடிந்து ஒருநாள் பின்னேரம் வருகிறேன், இவள் கிணற்றடியில் துவைகல்லில் இருந்து போனைப் பார்த்து அழுகிறாள். எட்டிப் பார்த்தேன். அவன் முழங்காலில் நின்று தன் செருப்பால் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டிருந்தான். நான் போனைப் பிடுங்கி நிறுத்தினேன்.

“அவர் அழுறார் அக்கா. சாமி மேல சத்தியம் பண்ணுறார்.”

“ஓ, சத்தியம்! எத்தினாவது சத்தியம் இது?”

“மனிசன் திருந்தக் கூடாதா? வீடும் போகாம இருக்கும். நான் போறன் அக்கா.”

அந்தப் ‘போறன்’ காதில் விழுந்ததுதான் தெரியும். ஓங்கி அறைந்துவிட்டேன். ஈர விரிப்புகளை இழுத்து இழுத்து உரமேறிய கை. அவள் துவைகல்லில் மோதிக் கீழே விழுந்தாள். உதடு வெடித்து நாடியில் இரத்தம் வழிந்தது. இன்னொன்று போடக் கையை ஓங்கினேன். அவளுடைய இடது கை எழும்பித் தலையை மூடியது.

ஓங்கிய கையைக் கீழே போட்டேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய நன்மைக்குத்தானே அடித்தேன், அதற்கு நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று வீம்பு. உள்ளே போய் அரிசி கழுவினேன். இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் குளித்து, என் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அப்பா செத்த நாளிலிருந்து வீட்டு உறுதிப் பத்திரம் என் அலுமாரியில்தான் இருந்தது. அதைக் கேட்டாள்.

“எங்க போறாய்?”

“வீட்ட. அவர்ட வீட்டுக்கு இல்ல, என்ட வீட்டுக்கு.”

“நானும் வாறன்.”

“வாங்க. ஆனா நான்தான் கதைப்பன். நீங்க வாயத் திறக்கப்படாது.”

சரி என்று உறுதியை எடுத்துக் கொடுத்தேன். கரடியனாற்று வீட்டு வேலிப் படலை தாண்டும்வரைதான் அந்தச் சரி நின்றது. அவன் முற்றத்தில் மெசினைக் கழற்றிப் போட்டு, கையெல்லாம் எண்ணெயாக இருந்தான். இவளைக் கண்டதும் முகத்தைப் பாவமாக்கி, “வா புள்ள, உள்ள வா, நான் திருந்திட்டன்” என்றான். இவள் வாய் திறக்க முதல் நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். கொள்ளையில போவான், கட்டையில போவான் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் முகம் மாற ஒரு நொடி எடுக்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரால் என் வாயில் அடித்தான். முன்பல் ஒன்று நாக்கில் கிடந்தது. கீழே விழுந்த என்னை விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மெசின் சில்லில் முகத்தைத் தேய்த்தான். டயர் சேறும் என் இரத்தமும் வாய்க்குள் போயின. வேலிக்கு அப்பால் சனம் கூடிவிட்டது. ஒருவரும் உள்ளே வரவில்லை. வெளியே போனவளுக்காக யார் வருவார்கள்?

பிறகு ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம் போல இருந்தது. அவன் என் முடியை விட்டான். மெசினை ஸ்டார்ட் பண்ணச் சுழற்றுகிற வளைந்த இரும்பு என் தங்கையின் கையில் இருந்தது. அவனுடைய முழங்காலில் போட்டிருந்தாள். அவன் மண்ணில் இருந்து ஊளையிட்டான். பெல்ட் பிடிக்கிற வலது கையை ஊன்றி எழும்பப் பார்த்தான். அந்தக் கையின் மேல் இரண்டாவது அடி விழுந்தது. விரல்கள் வேறு வேறு பக்கம் பார்த்தன.

“அடி! இன்னும் ஒண்டு அடி! தலையில போடு!” அதைக் கத்தியது நான்தான். பல் போன வாயால், இரத்தத்தைத் துப்பித் துப்பிக் கத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் அப்படியொரு சந்தோஷம்.

அவள் அடிக்கவில்லை. இரும்பைக் கீழே வைக்கவுமில்லை. “பூட்டுத் திறப்பத் தாங்க” என்று கேட்டாள். அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை. அவன் இடது கையால் மடியில் தடவித் திறப்பை எடுத்து மண்ணில் போட்டான்.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். அவனுடைய சாரங்களையும் சட்டைகளையும் ஒரு உரப்பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் வேலியடியில் நின்ற ஆண்கள் இரண்டு பேர் உள்ளே வந்து, அவனைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றினார்கள். பையையும் அவன் மடியில் வைத்தார்கள். அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்காரி வாசற்படியில் நின்றாள், மாப்பிள்ளை பையோடு போனான், ஊருக்கு அது போதுமாக இருந்தது.

நான் கிணற்றில் அள்ளி முகம் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். ஒரு கிழமைக்கு லீவு போடுவேன், அவளுக்குத் துணையாக இங்கேயே இருப்பேன், சமைத்துப் போடுவேன் என்று மனதுக்குள் திட்டம். செருப்பைக் கழற்றினேன்.

“உள்ள வராதீங்க அக்கா” என்றாள்.

விளங்காமல் பார்த்தேன். அவளுடைய உதட்டில் நான் அறைந்த இடம் இன்னும் தடித்திருந்தது.

“இந்த வீட்டில இனி என்னை அடிச்ச ஒருத்தரும் இருக்கிறல்ல. நீங்களும் போங்க.”

“நான் உன்ட நன்மைக்குத்தானேடி...”

“அவரும் அப்பிடித்தான் சொல்லுவார்.”

கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அவள் உள்ளே போய்க் கழுவிய துவாய் ஒன்றைக் கொண்டுவந்து, படியில் நின்றபடியே என் கையில் தந்தாள்.

“வாயில அமத்திப் பிடிங்க, இரத்தம் நிக்கும். பன்னிரண்டரைக்கு ஒரு பஸ் இருக்கு. இப்ப நடந்தாப் பிடிக்கலாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.