ஜாக்கி நின்ற இடங்கள்

இரவுக் காவல் வேலையில் திருடனால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. வந்ததெல்லாம் கூடக் காவல் காத்த நாயால்தான்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல்காரன் நான். துணை என்று சொல்ல ஜாக்கி என்ற அந்த நாய் ஒன்றுதான். போன வருஷம் சாரல் காலத்துக்கு வந்திருந்த எஜமானியம்மா அதைப் பிடித்துக்கொண்டு அருவிக்குப் புறப்பட்டு, அது இழுத்த இழுப்பில் சேற்றில் விழுந்தார்கள். "அடுத்த சாரலுக்கும் இழுத்துதுன்னா மலை எஸ்டேட்டுக்கு அனுப்பிருவேன்" என்று சொல்லிப் போனார்கள். ஆகவே, விடிந்ததும் தூங்கப் போக வேண்டியவன், நாயோடு நடக்கப் போனேன். கயிற்றைப் பிடித்துத் தோள்பட்டை இறங்கிய அன்பர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

பதிலுக்கு இழுத்தது

அது இழுத்தால் நானும் இழுப்பது என்று ஆரம்பித்தேன். முதல் நாளே கருவாட்டுக் கூடை ஒன்று முன்னால் போயிற்று. கூடைக்குப் பின்னால் ஜாக்கி, ஜாக்கிக்குப் பின்னால் நான். தென்காசிச் சந்தையில் போய்த்தான் நின்றோம். கூடையை இறக்கி வைத்த அம்மாள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணாச்சி, கருவாடு ஒங்களுக்கா, முன்னால வந்த அவுகளுக்கா?"

மரம் மாதிரி

பங்களா அலமாரியில் நாய் வளர்ப்பு பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. இங்கிலீஷ் நானாக எழுத்துக் கூட்டிப் படித்தது. பக்கத்துக்கு மூன்று நாள் பிடிக்கும். 'நாய் இழுத்தால் மரம் மாதிரி நில், கயிறு தொய்ந்தால் நட' என்றது.

நின்றேன். இராத்திரி முழுக்க விழித்தவன் நின்றால் என்ன ஆகும்? நின்றபடியே தூங்கிவிட்டேன். ஜாக்கி என் பாதத்தில் தலை வைத்துப் படுத்துவிட்டது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற சுடலை வந்து உலுக்கினான். "என்னவே, ராத்திரி பங்களாவுக்கு நீரு காவலு, பகல்ல ஒமக்கு இவன் காவலா?"

எண்ணெய்

ஜாக்கிக்கு நல்லெண்ணெய் வாசம் உயிர். குற்றாலத்தில் நல்லெண்ணெய் இல்லாத முதுகு ஏது? புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் சுடலையிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். சுடலை சீயக்காய் எடுக்கப் போன நேரம் ஜாக்கி இழுத்தது. நான் மரமாக நின்றேன். கயிறு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. நாக்கு கெண்டைக்காலுக்கு எட்டிவிட்டது. வியாபாரி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சொடலை, இப்பத்தான்டே கை பதமா விழுது."

அம்மா வந்தார்கள்

அடுத்த சாரலும் வந்தது. எஜமானியம்மா கையில் கயிற்றைக் கொடுத்தேன். ஜாக்கி கோவில் மாடு போல அசைந்து பக்கத்திலேயே நடந்தது. கடைத்தெருவில் அம்மா, கூட்டம் சேருமுன் குளிக்க வேண்டுமென்று எட்டி நடந்தார்கள். கயிறு இறுகியது. ஜாக்கி நின்றுவிட்டது. கயிறு இறுகினால் நிற்க வேண்டும் என்பது, ஒரு வருஷம் நான் மரமாக நின்றதைப் பார்த்து அது படித்த பாடம். இறுக்கியது யார் என்று அது பார்க்கவில்லை. அவர்கள் பலமாக இழுத்தார்கள்; அது நடுத்தெருவில் உட்கார்ந்தது. பின்னால் இரண்டு வில்வண்டிகள் காத்து நின்றன. அம்மா அலுத்துப் போய் நின்றதும் கயிறு தொய்ந்தது. ஜாக்கி எழுந்து நடந்தது.

இப்படியே நின்று நின்று அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே தலை நுழைக்க இடமில்லை. அம்மா கயிற்றை என் கையில் திணித்தார்கள். "இழுக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன், நடக்கவும் கூடாதுன்னா சொன்னேன்? இதை எஸ்டேட்டுக்கு அனுப்புனா, போய்ச் சேருததுக்குள்ள அடுத்த சாரல் வந்துரும். இங்கனயே கெடக்கட்டும்."

ஆக, ஒரு வருஷத்துப் பகல் தூக்கத்தைக் கொடுத்து, என்னைத் தவிர வேறு யாரும் கேட்டு வராத ஒரு நாயைச் சம்பாதித்தேன்.